தட்டில் விழாத சொல்

சத்தியம் ஐயா, சத்தியம். கற்பூரத்தைக் கொண்டுவந்து வையுங்கள், அடித்து அணைக்கிறேன். துண்டைப் போட்டுத் தாண்டச் சொன்னால் இந்த முழங்கால் வலியோடும் தாண்டுகிறேன். இதில் ஒரு புள்ளி பொய் இருந்தாலும் இன்று நான் தின்ற சோறு செரிக்காமல் போகட்டும். பொய் சொல்லி எனக்குப் பழக்கமே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் இந்தக் கதையில் நான் பொய் சேர்க்க இடமே மிச்சமில்லை. அந்த ஊர்க்காரர்கள் முந்திக்கொண்டார்கள்.

கருங்காலிப்பேட்டை என்று ஓர் ஊர். அங்கே ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் 'நாம்' என்ற சொல் காணாமல் போனது. தனியாகப் போகவில்லை, நம்ம, நமது, நமக்கு, நம்மை என்று பிள்ளைகுட்டிகளையும் கூட்டிக்கொண்டு குடும்பத்தோடு போய்விட்டது. அதை முதலில் கண்டுகொண்டவன் மைக்செட் பொன்னுரங்கம். ஆட்டோவின் தலையில் இரண்டு கூம்பு ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு, யார் செத்தார், யார் பிள்ளை திருவிழாக் கூட்டத்தில் தொலைந்தது, குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும், எந்தத் துணிக்கடையில் ஆடித் தள்ளுபடி என்று இருபத்தைந்து வருஷமாக ஊருக்கு அறிவித்து வந்தவன் அவன். குரல் என்றால் நெய்யில் முக்கி எடுத்த குரல். எதைச் சொன்னாலும் 'நமது கருங்காலிப்பேட்டை வாழ் பொதுமக்களுக்கு ஓர் அன்பான அறிவிப்பு' என்றுதான் ஆரம்பிப்பான். அந்த 'நமது'வைக் கேட்டதும் அடுப்பில் பாலை வைத்தவள்கூட ஒரு கணம் வாசலுக்கு வந்துவிடுவாள்.

அன்று காலை காபி குடிக்க உட்கார்ந்தவன், நம்ம வீட்டில் சீனி தீர்ந்துவிட்டதா என்று கேட்க வாயைத் திறந்தான். வந்தது வேறு.

"எங்க வீட்டுல சீனி தீந்துபோச்சா வடிவு?"

செண்பகவடிவு அவன் சம்சாரம். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எந்த வீட்டுல?"

"இந்த வீட்டுலதான்."

"அப்ப நான் யாரு, எதுத்த வீடா?" என்று சிரித்தாள். "நம்ம வீட்டுல சீனி இருக்கு. உங்க வீட்டுல இருக்கான்னு உங்க ஆத்தாகிட்டதான் கேக்கணும்."

பொன்னுரங்கம் மறுபடி சொல்லிப் பார்த்தான். நாக்கு மேலே போய் 'ந'வைத் தொட்டது, உதடு 'ம'வுக்கு மூடியது, நடுவில் யாரோ வண்டியை மடக்கித் திருப்பியது போல 'எங்க' என்றே வந்து விழுந்தது. எதிரே நிற்கிறவரையும் சேர்த்துச் சொன்னால் 'நம்ம', அவரை வெளியே நிறுத்திச் சொன்னால் 'எங்க' என்பது தமிழ் பேசுகிற மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். இருபத்திரண்டு வருஷம் கூடவே குடித்தனம் நடத்தியவளைப் பார்த்து அவன் மூன்று தரம் 'எங்க வீடு' என்றான். மூன்றாவது தரம் அவள் சிரிக்கவில்லை.

ஏன் போனது என்று கேட்டால், அதைப் பற்றி ஊரில் யாரும் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. முந்தின நாள் மாலை தேரடியில் பூர்வகுடி எழில்வேந்தன் பேசியிருந்தார். இந்த எழில்வேந்தன் பதினோரு வருஷத்துக்கு முன் எங்கிருந்தோ இன்வெர்ட்டர் விற்க வந்தவர். கரண்ட் போனால்தான் அவருக்குப் பிழைப்பு. ஊர் இருட்டில் கிடக்கும்போது கதவைத் தட்டி, பயப்படாதீங்க நான் இருக்கேன் என்று சொல்லிப் பழகியவர், பிற்பாடு கரண்ட் ஒழுங்காக வரத் தொடங்கியதும் இன்வெர்ட்டரை விட்டுவிட்டுப் பயத்தை மட்டும் தனியாக விற்க ஆரம்பித்தார். வியாபாரம் பிரமாதமாக நடந்தது. மண் காப்புப் பேரவை என்று ஒரு கட்சி, தோளில் பச்சைத் துண்டு, பெயருக்கு முன்னால் 'பூர்வகுடி', பேரூராட்சித் தலைவர் பதவிக்கு வேட்புமனு.

யாரைப் பார்த்துப் பயப்படுவது என்ற கேள்விக்கும் அவரே பதில் வைத்திருந்தார். ஊருக்குக் கிழக்கே வாய்க்காலைத் தாண்டி அணைக்கரைக் காலனி. அறுபது வருஷத்துக்கு முன் மூக்கன்மலை அணை கட்டியபோது ஊரே முழுகிப்போன ஜனங்களைச் சர்க்கார் லாரியில் ஏற்றிவந்து அங்கே இறக்கியது. கருங்காலிப்பேட்டைக்காரன் காலையில் வாய் கொப்பளிக்கிற தண்ணீர், அந்த ஜனங்களின் பாட்டன் வீட்டு முற்றத்தில் நிற்கிற தண்ணீர். எழில்வேந்தன் தேரடியில் நின்று, நம்ம தண்ணியைக் குடிக்கிறான் என்று அவர்களைக் காட்டினார். நம்ம தண்ணி, நம்ம வேலை, நம்ம பிள்ளைக, நம்ம சுடுகாடு என்று இரண்டரை மணி நேரம் பேசினார். ஒவ்வொரு 'நம்ம'வுக்கும் நெஞ்சில் ஓர் அடி, அடித்த கையை உடனே காலனிப் பக்கம் ஒரு நீட்டு. சேர்க்கிறதுக்கென்றே பிறந்த சொல்லை எடுத்து அத்தனை தரம் விரட்டுகிற வேலைக்கு விட்டால் அது கோபித்துக்கொண்டு போகாமல் என்ன செய்யும் என்று பின்னால் ஒருசிலர் சொன்னார்கள். சொன்னவர்களும் அன்றைக்குக் கை தட்டியவர்கள்தான்.

டாக்டர் உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார். ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர் ஒருவர், இது உளப்பாட்டுத் தன்மைப் பன்மை, முன்னால் நிற்கிறவரையும் உளப்படுத்துவது, அந்த உளப்படுத்துதல்தான் போய்விட்டது என்று கலங்கிச் சொன்னார். கேட்டவர்கள் ஐயாவுக்குப் படுக்க இடமில்லை போல என்று நினைத்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு பாய் வாங்கிக் கொடுத்தார்கள். சுவர்களில் 'நமது நகரம் தூய்மை நகரம்' என்று எழுதியிருந்த இடத்தில் முதல் சொல் உதிர்ந்து சுண்ணாம்பு தெரிந்தது, பேரூராட்சி ஆள் வந்து அங்கே 'எங்கள்' என்று எழுதிவிட்டுப் போக, அப்படியானால் அவர்களே அள்ளிக்கொள்ளட்டும் என்று மறுநாளிலிருந்து ஒருவரும் குப்பையைத் தொட்டியில் போடவில்லை. எண்ணெய்க்கடை அண்ணன் தன் தம்பியைப் பார்த்து 'எங்க அம்மாவுக்கு மாத்திரை வாங்கணும்' என்றான். தம்பி, அப்ப எனக்கு யாருடா அம்மா என்று எகிறினான். வாய்ச்சண்டை கைச்சண்டையாகி இருவரும் தாய்க்கு உரிமை கேட்டுப் போலீஸ் ஸ்டேஷன் வரை போனார்கள். அந்த அம்மாள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டே, தீர்ப்பு வந்ததும் எழுப்புங்க என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள். கோயிலில் மட்டும் ஒரு குழப்பமும் இல்லை. சாமியிடம் எப்போதும் 'எங்களைக் காப்பாத்து' என்றுதான் கேட்டார்கள். சாமியையும் சேர்த்துக் காப்பாற்றச் சொல்லி எவனும் கேட்டதில்லை.

பத்தே நாளில் ஊருக்குப் பழகிவிட்டது. காலில் முள் தைத்தால் அலறுகிறவர்கள் வாயிலிருந்து ஒரு சொல் போனதற்குத் துக்கம்கூடக் கேட்கவில்லை. எழில்வேந்தனுக்கோ அது வசதியாகவே போயிற்று. மேடையில் அவரும் இப்போது, நாங்கள் இந்த மண்ணை மீட்போம், நாங்கள் ஆள்வோம், நாங்கள் வாழ்வோம் என்றார். எதிரே நின்று கேட்கிறவன் அந்த நாங்களில் கிடையாது. மூன்று வயதில் தெரிந்திருந்த சங்கதி ஓட்டுப் போடும் வயதில் அவர்களுக்கு மறந்துபோயிருந்தது. ஒவ்வொருவனும் தன்னை மேடைமேல் ஏற்றி வைத்துக் கேட்டான், கை வலிக்கத் தட்டினான்.

பதினோராம் நாள்தான் ஊருக்கு இன்னொன்று தெரிந்தது. சந்தையில் கருவாடு வாங்கிக்கொண்டிருந்த காலனிக்காரன் ஒருவன் தன் மச்சானிடம், நேரமாயிட்டு, நம்ம பஸ்ஸு போயிரப்போவுது என்றான். தெளிவாக, மணியடித்த மாதிரி, 'நம்ம'. சந்தை அப்படியே நின்றது. காலனிக்கு அந்த நோய் வரவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சொல் சௌக்கியமாக இருந்தது.

அன்று மாலையே எழில்வேந்தன் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். தண்ணியை எடுத்தான், வேலையை எடுத்தான், இப்போது எங்கள் சொல்லையும் திருடிவிட்டான். கூட்டம் நெஞ்சில் அடித்துக்கொண்டது. இத்தனை நாள் அந்தச் சொல் இல்லாததை ஒரு குறையாகவே நினைக்காதவர்களுக்கு, அது இன்னொருவனிடம் இருக்கிறது என்றதும் தூக்கம் போயிற்று.

பொன்னுரங்கத்துக்கு வேறு காரணத்தால் தூக்கம் போயிற்று. வடிவு காலனிக்காரி. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து ஊர்த் தெருவில்தான் குடியிருக்கிறாள், நாலு வீட்டுக் கல்யாணத்தில் முன்வரிசையில் நின்று சந்தனம் கொடுத்திருக்கிறாள், ஆனால் அவள் வாயில் அந்தச் சொல் கெட்டியாக இருந்தது. ஒரு நாளைக்கு முப்பது தரம் நம்ம வீடு, நம்ம முருங்கை, நாகர்கோவிலில் நர்சிங் படிக்கிற நம்ம பொண்ணு. தெருவில் யார் காதிலாவது விழுந்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். எழில்வேந்தனின் பிரசாரத்துக்கு ஆட்டோவையும் குரலையும் கொடுத்திருந்தவனே அவன்தானே. குரல் கொடுக்கிறது தொழில், அதில் என்ன இருக்கிறது என்று வடிவிடமும் தன்னிடமும் சொல்லி வைத்திருந்தான்.

ஜன்னலைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "கொஞ்ச நாளைக்கு அந்த வார்த்தைய வெளிய சொல்லாத வடிவு. எல்லாரும் சொல்லுத மாதிரி 'எங்க'ன்னே சொல்லிரு."

"யாருகிட்ட?"

"எல்லார்கிட்டயும்தான்."

"உங்ககிட்டயுமா?"

"என்கிட்டயும்தான். வாய்க்குப் பழகணும்லா."

அவள் நறுக்கிக்கொண்டிருந்த வெண்டைக்காயை முறத்தில் வைத்தாள். "உங்க மூஞ்சியப் பாத்து நான் 'எங்க பொண்ணு'ன்னு சொல்லணும். அப்ப அவளுக்கு அப்பன் யாருன்னு தெருவே கேக்காதா? உங்களால முடியாம சொல்லுதீய, அது நோவு, நான் பொறுத்துக்கிட்டேன். முடிஞ்ச என்னையும் சொல்லச் சொல்லுதீயல்லா, அது நோவு இல்ல."

சமையலை முடித்தாள், குழம்பை மூடி வைத்தாள், ரெண்டு சேலையைப் பையில் திணித்துக்கொண்டு வாய்க்கால் தாண்டி அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போகிறபோது வாசலில் நின்று, நம்ம வீட்டுச் சாவி ஆணியில தொங்குது என்று சத்தமாகவே சொன்னாள். எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்து மூடியது.

அதற்குப் பிறகு பொன்னுரங்கம் செய்ததைச் சொல்ல எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. எழில்வேந்தன் ஆள் திரட்டிய சொல் மீட்புப் படை காலனிக்குப் புறப்பட்டபோது அவன் ஆட்டோதான் முன்னால் போனது. 'எங்கள் சொல்லை மறைத்து வைத்திருப்போர் தாமாக முன்வந்து ஒப்படைத்துவிட அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்' என்று அந்த நெய்க் குரல் காலனிச் சந்துகளில் வழிந்தது. மாமியார் வீட்டு வாசலில் வடிவு மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்கவில்லை. பின்னால் வந்த படை அரிசிப் பானையில் கையை விட்டுத் துழாவியது, தலையணையைக் கிழித்து உதறியது, பிள்ளைகளின் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தது. ஒரு கிழவரின் பல்செட்டில் சொல் ஒளிந்திருக்கலாம் என்று சந்தேகப்பட்டு அதைப் பிடுங்கிக் காகிதத்தில் பொட்டலம் கட்டினார்கள். கிழவர் பொக்கை வாயோடு, போங்கப்பா, நாமளும் மனுசங்கதானே என்றார், முன்னைவிடத் தெளிவாக. பல்செட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. மறுநாள், சொல் வருகிற வரைக்கும் தண்ணீர் கிடையாது என்று காலனிக்குப் போகிற குழாயின் வால்வைப் பூட்டிவிட்டார்கள். அந்த அறிவிப்பையும் அவன்தான் படித்தான்.

தேர்தலுக்கு நாலு நாள் இருக்கையில் எழில்வேந்தன் அவனைக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்காரவைத்து, தோளில் கை போட்டார். "அண்ணாச்சி, உங்க வீட்டம்மாவை வரச் சொல்லுங்க. மேடையில எல்லார் முன்னாடியும் அந்தச் சொல்லைத் திருப்பிக் குடுத்துட்டா, அன்னைக்கே வால்வைத் திறந்துவிட்டுடறோம். அவங்களும் வீட்டுக்கு வந்துரலாம். நாங்க என்ன ராட்சசங்களா?"

பொன்னுரங்கம் ஆள்விட்டுச் சொன்னான். வராமல் இருக்கட்டும் என்று பாதி மனசு, வரட்டும் என்று பாதி மனசு. பன்னிரண்டு நாளாகக் குழம்பு வைக்க ஆளில்லாதவன் மனசு எந்தப் பாதியாகப் பேசும் என்று உங்களுக்கே தெரியும். வடிவு வந்தாள். காலனியில் பிள்ளைத்தாய்ச்சிகள் குடத்தைத் தூக்கிக்கொண்டு மூன்று மைல் நடந்துகொண்டிருந்தார்கள், அதனால் வந்தாள்.

சாயங்காலம் அஞ்சு மணி, தேரடி நிரம்பி வழிந்தது. மேடையில் இரண்டு பேர் பெரிய தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துப் பட்டுத்துணி விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மைக்கைப் பிடித்திருந்தது பொன்னுரங்கம். வடிவு மேடை ஏறி, அவனைப் பார்க்காமல், எழில்வேந்தனைப் பார்த்து, எப்படிக் குடுக்கணும் என்று கேட்டாள். அவர் அதை யோசித்திருக்கவில்லை. திருடிவிட்டான் என்று சொல்ல யோசனை வேண்டாம், எப்படித் திருப்பி வாங்குவது என்பதற்குத்தான் யோசனை வேண்டும். கடைசியில், சொல்லு, நாங்க தட்டுல பிடிச்சுக்கறோம் என்றார். தாம்பாளத்தை அவள் மோவாய்க்குக் கீழே ஏந்தினார்கள்.

அவள் கூட்டத்தைப் பார்த்தாள். பல் பிடுங்கின டாக்டர், சீட்டு கட்டின பெண்கள், பொண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர், எல்லோரும் இருந்தார்கள்.

"என்னத்தச் சொல்ல," என்றாள் மைக்கில். "எல்லாம் நம்ம ஆளுகதான்."

இரண்டு கூம்பு வழியாகவும் அந்தச் சொல் போய் தேரடி முழுக்க இறங்கியது. அவர்களை யாராவது சேர்த்துப் பேசி எத்தனையோ நாளாகியிருந்தது. பசித்தவன் இலையில் சுடுசோறு விழுந்த மாதிரி எல்லோருக்கும் வயிற்றுக்குள் என்னமோ இளகியது. எண்ணெய்க்கடை அண்ணன் தம்பியின் கையைத் தேடினான். முன்வரிசையில் நாலைந்து பேர் வாய்விட்டே அழுதார்கள். ஒரு நிமிஷம், ஐயா, ஒரே ஒரு நிமிஷம் அந்த ஊர் மனுஷர்கள் இருக்கிற ஊராக இருந்தது. பிறகு அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு, அழவைத்தவளை அடிக்கக் கல் தேடினார்கள்.

தாம்பாளத்தில் வெற்றிலையும் பாக்கும்தான் இருந்தன. எழில்வேந்தன் அதைக் கவிழ்த்துக் காட்டினார். தட்டில் விழவில்லை, இன்னும் வாயிலேயே வைத்திருக்கிறாள் என்றார். பொன்னுரங்கத்தின் பக்கம் திரும்பி, அறிவிங்க அண்ணாச்சி, திருடி ஒப்படைக்க மறுத்துட்டான்னு அறிவிங்க என்றார்.

பொன்னுரங்கம் மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனான். வடிவு இப்போதுதான் அவனைப் பார்த்தாள். இவள் நம்மவள் என்று சொல்லிவிடலாம் என்று 'ந'வுக்கு நாக்கைத் தூக்கினான், வரவில்லை. இரண்டாம் தரம் தூக்கினான், வரவில்லை. மூன்றாம் தரம் வந்ததை அப்படியே வெளியே விட்டான்.

"இவ எங்க வீட்டுக்காரி."

சொன்ன பிறகுதான் அவனுக்கே அது உறைத்தது. இத்தனை நாள் அவளைப் பார்த்துச் சொல்லி அவளை வெளியே தள்ளிய சொல், ஊரைப் பார்த்துச் சொன்னதும் ஊரை வெளியே தள்ளி அவளை உள்ளே வைத்துக்கொண்டது. சொல்லில் ஒன்றும் மாறவில்லை, அவன் நின்ற பக்கம்தான் மாறியிருந்தது.

"எங்க வீட்டுக்காரி இவ," என்றான் மறுபடியும், நெய் போட்டு. "நாங்க எதையும் திருடல. நாங்க போறோம்."

நாங்க என்று மேடையிலிருந்து கேட்டதுமே ஒரு பகுதி பழக்கதோஷத்தில் கை தட்டியது. இருபது முப்பது பேர், தங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறான் என்று எண்ணி, வேட்டியில் மண்ணைத் தட்டிக்கொண்டு கிளம்ப எழுந்தும் விட்டார்கள்.

"நீங்க இல்லய்யா," என்றான் பொன்னுரங்கம். "உக்காருங்க. நாங்க."

மைக்கை அணைத்துத் தாம்பாளத்தில் வைத்துவிட்டு இறங்கினான். ஒரு செருப்பு வந்து அவன் முதுகில் விழுந்தது, இன்னொன்று தாம்பாளத்தில் விழுந்து டங்கென்றது. அவளோடு வாய்க்கால் பக்கம் நடந்தான்.

எழில்வேந்தன் ஜெயித்தார், இதுவரை அந்த ஊரில் யாரும் ஜெயிக்காத வித்தியாசத்தில். வெற்றிக் கூட்டத்தில், நாங்கள் வென்றுவிட்டோம், நீங்கள் கலைந்து போகலாம் என்றார். இதைவிடப் பச்சையாக ஒரு மனுஷன் எப்படிச் சொல்வான்? ஜனங்கள் விசிலடித்துக்கொண்டு கலைந்தார்கள். காலனி வால்வின் பூட்டு துருப்பிடித்து, யாரும் திறக்காமலே ஒரு மழைக்காலத்தில் தானாக உடைந்து விழுந்தது.

பொன்னுரங்கத்துக்கு அந்தச் சொல் திரும்ப வரவேயில்லை. வாய்க்கால் கரையில் நடக்கும்போதே அவன், எங்க பொண்ணுக்கு போன் பண்ணிச் சொல்லணும் என்று அவளிடம் ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான். வடிவு கரையோரம் மேய்ந்துகொண்டிருந்த ஓர் ஆட்டைக் கை காட்டினாள். பிறகு சொன்னாள்: "என்னையப் பாத்துச் சொல்லாதீய. அந்தா நிக்குற ஆட்டப் பாத்துச் சொல்லுங்க. எனக்குக் கேக்கும்."

அவன் ஆட்டைப் பார்த்துச் சொன்னான். ஆட்டை வெளியே நிறுத்தி இரண்டு பேரும் உள்ளே நின்றார்கள். அன்றிலிருந்து காலனி வீட்டில் எந்த விஷயமானாலும் ஆட்டிடம்தான். எங்க பொண்ணு லீவுக்கு வருதாம், எங்க வீட்டுல இன்னிக்கு அவியலாம் என்று கைகட்டி நின்று அறிவிப்பான். வடிவு உள்ளேயிருந்து, சீக்கிரம் வாங்க, ஆறிப்போவுது என்பாள். மைக்செட்காரனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று கருங்காலிப்பேட்டையில் சொல்லிக்கொண்டார்கள். ஆடு ஒன்றும் சொல்லவில்லை, நன்றாகக் கொழுத்தது.

சரி, கேட்டாச்சு, எழுந்திருங்கள். எங்கே வேண்டுமானாலும் போய்ச் சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. யார் சொன்னார்கள் என்று கேட்டால் மட்டும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பேசிக்கொண்டு வந்தார், முகம் பார்க்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். அடுத்த வாரம் அந்த ஊர் வழியாகத்தான் நான் போக வேண்டியிருக்கிறது.